நூற்று நாற்பதாவது முனை

நூற்று முப்பத்தொன்பது.

ரொவீனா சோப்புக் கட்டியை மேசையில் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். வெள்ளை சோப்பில் முள்ளம்பன்றி முள்ளின் கறுப்பு முனைகள் வரிசை வரிசையாகக் குத்தி நின்றன. வரிசைக்குப் பத்து. பதின்மூன்று வரிசைகள் முழுசாக இருந்தன. பதினான்காவது வரிசையில் ஒன்பதுதான். பத்தாவது முனையைக் குத்தி, அது பிறகு எங்காவது விழுந்திருந்தால், சோப்பில் சின்னத் துளையாவது இருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் அவள் கையாலேயே எழுதியிருந்தது. சிவப்பு 62, மஞ்சள் 40, வெள்ளை 38. மொத்தம் 140 முள். ஒரு முள்ளுக்கு ஒரு முனை.

சனிக்கிழமை காலை பத்து மணி. வெளியே காற்று பனியைத் தரையோடு தரையாக விரட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நாய் படிக்கட்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தது தெரிந்தது, பிறகு தெரியவில்லை, பிறகு தெரிந்தது. ரொவீனா மேசை விரிப்பை நான்கு மூலையும் பிடித்துத் தூக்கி, குளியல் தொட்டிக்குள் உதறினாள். தோல் துணுக்குகள் விழுந்தன, நரம்பு நூலின் பிசிறுகள் விழுந்தன. முனை விழவில்லை. வியாழக்கிழமை போட்டிருந்த கால்சட்டையை அழுக்குக் கூடையிலிருந்து எடுத்து உள்ளும் புறமும் திருப்பினாள். கையுறைகளைத் திருப்பினாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய் வண்டியின் இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினாள். விரல்கள் மரத்துப்போனபின் வீட்டுக்குள் வந்து மூன்றாவது முறை எண்ணினாள். நூற்று முப்பத்தொன்பதேதான்.

அந்த முனை இருக்கக்கூடிய இடம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் மற்ற எல்லா இடத்தையும் முதலில் தேடினாள்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் கல்லூரியில் நடக்கும், முள்ளம்பன்றி முள்ளைத் தோலில் தைக்கும் முள்வேலை வகுப்பில் ரொவீனா சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சொல்லிக்கொடுப்பவர் ட்ரெவர். வெல்டிங் வேலை பார்த்தவர், இவளைவிட நான்கு வயதுதான் பெரியவர். முள்ளை வாயில் ஊறவைத்து, பல்லிடுக்கில் இழுத்துத் தட்டையாக்கி, மான் தோலின் மேல், விலங்கு நரம்பைத் திரித்த நூலுக்கு அடியில் மடித்து மடித்துத் தைக்க வேண்டும். வாயில் வைக்கும்போது கறுப்பு முனை உதட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். தையலுக்குள் சொருகும் நேரத்தில் முனையை நறுக்கி உடனே சோப்பில் குத்திவிட வேண்டும். இதைத்தான் ட்ரெவர் முதல் நாள் சொன்னார். அவருடைய நாய் ஒன்று முள்ளம்பன்றியோடு மல்லுக்கு நின்றதாம். மூக்கில் ஒடிந்து உள்ளே நின்றுபோன ஒரு துணுக்கு, மூன்று வாரம் கழித்துத் தோள்பட்டைக்குப் பின்னால் வெளியே வந்ததாம். நாய் ஓடினாலும் தூங்கினாலும் அது நகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

"முள்ளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது," என்றார் ட்ரெவர். "முன்னாலதான் போகும். நீங்க மூச்சு விட்டாக்கூட அதுக்கு அது வழிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ரொவீனா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் வகுப்பில் சேர்ந்ததே ஒரே ஒரு பொருளைச் செய்யத்தான். அண்ணன் க்ளேட்டனுக்கு முதல் குழந்தை வரப்போகிறது. அவர்கள் பூர்வகுடி வழக்கப்படி, குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும், அதை வைத்து மூடுவதற்கு உள்ளங்கை அளவில் ஒரு தோல் ஆமை வேண்டும். ஓடு முழுக்க முள்வேலை. ஆமை நீண்ட காலம் வாழும், அடித்தாலும் இதயம் லேசில் நிற்காது, அதன் வயிற்றுக்குள் கொடி இருந்தால் குழந்தையும் அப்படியே கெட்டியாக நிற்கும். அத்தை இருக்கும்போது அதை அத்தை செய்வதுதான் முறை. காசு கொடுத்து வாங்கலாம், பலர் வாங்குகிறார்கள். ஆனால் அண்ணி ஜோலின், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எல்லார் முன்னாலும், நாத்தனாருக்குக் கையில் பேனா தவிர வேறெதுவும் நிற்காது, அதனால் கடையில் சொல்லி வைத்துவிட்டேன் என்று சொன்னாள். மறுநாளே ரொவீனா போய் வகுப்பில் பெயர் கொடுத்தாள்.

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் கேலி செய்வதில் கணக்கே இல்லை. செய்யாவிட்டால்தான் இருவருக்கும் ஏதோ சண்டை என்று ஊர் நினைக்கும். எவ்வளவு கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது, திருப்பிக் கொடுக்கலாம். ரொவீனாவின் முதல் ஆமையைப் பார்த்த ஜோலின், உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்திருக்கிறது என்றாள். இரண்டாவதைப் பார்த்து, இது வண்டியில் அடிபட்ட ஆமையா என்று கேட்டாள். மூன்றாவதுதான் இப்போது குழந்தையிடம் இருப்பது. அதைப் பார்த்து ஜோலின் ஒன்றும் சொல்லவில்லை. கையில் வாங்கி, ஓட்டின் மேல் கட்டை விரலால் ஒரு தடவை தடவினாள், அவ்வளவுதான்.

குழந்தை கோரா ஐந்து வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. பத்து நாள் ரேப்பிட் சிட்டி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கொடி அங்கேயே விழுந்துவிட்டது. வியாழக்கிழமை காலை க்ளேட்டனிடமிருந்து செய்தி வந்தது: இன்றைக்கே அனுப்புகிறார்கள், நான்கு மணிக்கு வீடு, சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். ஆமையின் வாலைச் சுற்றி இன்னும் பத்து முள் பாக்கி இருந்தது. ரொவீனா குடிநீர்த் துறையில் வேலை பார்க்கிறாள். ஆறு கிணறுகளில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் நாள் அது. மதியம் நான்காவது கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, மடியில் ஆமையை வைத்துத் தைத்தாள். குளிரில் சோப்பு கல்லாக இறுகியிருந்தது. முனை குத்தவில்லை, வளைந்தது. சரி, பிறகு குத்திக்கொள்ளலாம் என்று, நறுக்கிய முனைகளை ஒரு பாட்டில் மூடியில் போட்டுத் தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கூட வேலை பார்க்கும் ஆள் கதவை வெளியிலிருந்து திறந்து பேனா கேட்டான். மூடி சாய்ந்தது. அவள் முனைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். மாலையில் அவசர அவசரமாக அவற்றைச் சோப்பில் குத்தினாள், எண்ணவில்லை. மூடி சாய்ந்தபோது, கொடி வைப்பதற்காகத் தைக்காமல் விட்டிருந்த ஆமையின் வயிறு, அதற்கு நேர் கீழே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

நான்கு மணிக்கு, பன்னிரண்டு பேர் பார்த்திருக்க, கொடியைச் சேஜ் என்ற மூலிகை இலையில் சுற்றி உள்ளே வைத்து, காட்டெருமை ரோமத்தை அடைத்து, வயிற்றை மூடித் தைத்தாள். தையல் நேராக வந்தது. அந்த மாலை முழுக்க அவளுக்கு அதிலேயே பெருமை. குழந்தையை, துணித் துண்டுகளால் பெரிய நட்சத்திரம் வைத்துத் தைத்த போர்வையில் இறுக்கிச் சுற்றி, மேலே கட்டும் நாடாவில் ஆமையைக் கட்டினார்கள். வயிறு கீழே, ஓடு மேலே. சரியாகக் கோராவின் நெஞ்சுக்கு மேல்.

ரொவீனா போனை எடுத்தாள்.

ஐந்தாவது தடவை மணி அடித்தபின் ஜோலின் எடுத்து, தூக்கக் குரலில், தண்ணீர்க் குழாய் எல்லாம் உறைந்துபோனதால் எனக்கு வேலை கொடுக்கக் கூப்பிட்டாயா என்று கேட்டாள்.

"அண்ணி, அந்த ஆமையைக் குழந்தைகிட்டேர்ந்து எடுத்து வைங்க. இழுக்காதீங்க. நாடாவை வெட்டி எடுங்க."

"ஏன், ஆமைக்குப் பசிக்குதா?"

"உள்ள ஒரு முள்ளு முனை இருக்குன்னு நினைக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், ஒண்ணு குறையுது."

ஜோலின் சிரித்தாள். அடக்கி அடக்கி, குழந்தை எழுந்துவிடாமல் சிரித்தாள்.

"அக்டோபர்ல இரட்டைக் குழந்தைன்ன. இப்ப முள்ளுங்கற. இதை யோசிக்க உனக்கு ரெண்டு நாளாச்சா?"

ரொவீனா கண்களை மூடிக்கொண்டாள். அக்டோபரில் அவள் குரலை மாற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஸ்கேனை மறுபடி பார்த்ததில் இரண்டு தலை தெரிகிறது என்று ஜோலினிடம் போனில் சொன்னது உண்மை. என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் ஒத்திகை பார்த்துச் செய்த வேலை அது. ஜோலின் மாலைவரை நம்பினாள். பெரியம்மாக்கள், சித்திகள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள், இரண்டாவது தொட்டிலுக்கும் சொல்லி வைத்தாள். உண்மை தெரிந்தபோது ஊரே சிரித்தது. இனி உன் வாயிலிருந்து போனில் வரும் எதையும் ஏழு ஜென்மத்துக்கும் நம்பமாட்டேன் என்று ஜோலின் அன்றைக்குச் சத்தியம் செய்தாள்.

"அண்ணி, இது விளையாட்டு இல்ல."

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன. இதே குரல்ல." ஜோலின் கொட்டாவி விட்டாள். "உன் ஆமைக்கு ஒரு குறையும் இல்ல. அத்தையை மாதிரியே இருக்கு, பிடிச்சா விடமாட்டேங்குது. நேத்து போர்வையை மாத்தறப்ப ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. இழுத்துத்தான் பிரிச்சேன்."

ரொவீனாவின் கையிலிருந்த சோப்பு மேசையில் விழுந்தது. போர்வையை எது பிடித்துக்கொண்டது என்று அவளுக்குத் தெரியும். முனையின் செதில்கள் பின்பக்கம் பார்த்திருக்கும். போர்வையில் அவை கொக்கியாக மாட்டியபின் ஆமையை இழுத்தால், முனை ஆமையிலிருந்து இன்னும் கொஞ்சம் வெளியே வருமே தவிர உள்ளே போகாது. அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஜோலின், நானும் குழந்தையும் தூங்கப் போகிறோம், அடுத்த பொய்யைச் சாயங்காலம் சொல் என்று வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

இனி ஒரே ஆள் அண்ணன். அண்ணனும் தங்கையும் விளையாட்டாகப் பேசிக்கொள்வதில்லை. நேருக்கு நேர் அதிகம் பேசிக்கொள்வதே இல்லை. ஆனால் தங்கை ஒன்று கேட்டால் அண்ணன் ஏன் என்று கேட்காமல் செய்வான். க்ளேட்டன் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். இந்தக் காற்றில் அவன் வடக்கே எங்கோ, போன் எடுக்காத பள்ளத்தில் இருப்பான். ரொவீனா சாலைத் துறை அலுவலகத்தை அழைத்தாள். வண்டிகளோடு ரேடியோவில் பேசும் பெண்ணிடம், தங்கை கேட்டுக்கொள்கிறாள், வீட்டுக்குப் போய்க் குழந்தையிடமிருந்து ஆமையை வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

"ஆமையை," என்றாள் அந்தப் பெண்.

"ஆமா."

"பிப்ரவரி மாசத்துல."

"அப்படியே சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

அண்ணன் வீட்டுக்கு இருபத்திரண்டு மைல். ரொவீனா கத்தரிக்கோல், குத்தூசி, நரம்பு நூல் உருண்டை, சின்னக் குறடு எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டாள். சோப்பையும் போட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாலை தெரிந்த இடத்தில் தெரிந்தது, தெரியாத இடத்தில் கம்பங்களைப் பார்த்து ஓட்டினாள். பனி வலமிருந்து இடமாக வெள்ளைப் பாம்புகள் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் வண்டியும் பக்கவாட்டில் நகர்வது போலத் தோன்றும். அதனால் அவள் தூரத்தைப் பார்த்தாள், தூரம் இல்லாதபோது நிறுத்தினாள், பிறகு போனாள்.

பாலத்துக்கு வந்தபோது சந்தேகம் வந்துவிட்டது. நோட்டில் எழுதியதே தப்பாக இருந்தால்? வெள்ளை முப்பத்தெட்டு என்று எழுதினாளே, முப்பத்தேழாக இருந்தால்? அப்படியானால் நூற்று முப்பத்தொன்பது முள், நூற்று முப்பத்தொன்பது முனை, ஒரு குறையும் இல்லை. போர்வை சாதாரணமாகவே நரம்பு நூலில் மாட்டியிருக்கலாம். மூடிய ஆமையை யாரும் திறப்பதில்லை. கொடியை வைத்த இடத்திலிருந்து கலைத்தால் அந்தப் பிள்ளை வாழ்க்கை முழுக்க எதையோ தேடிக்கொண்டே அலையும். அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற பெரிய மனிதர்களைக்கூட, என்ன, தொப்புள்கொடியைத் தேடுகிறாயா என்று கேட்கிற ஊர் இது. தன் எண்ணிக்கைப் பிசகுக்காகக் கோராவின் தலையில் அதைக் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவள் அத்தை என்று எந்த முகத்தோடு போய் நிற்பது?

திரும்பிவிடலாம் என்று பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நின்றாள். பின்பக்கம் தண்ணீர்ப் பரிசோதனைக்கான காலிப் பாட்டில்கள் பெட்டிக்குள் கலகலவென்று ஆடின. மூடி சரியாக இல்லாத பாட்டிலை வேலையில் என்ன செய்வாள்? உள்ளே இருப்பது நல்ல தண்ணீர்தானா என்று பாட்டிலிடம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள். கொட்டிவிட்டு மறுபடி எடுப்பாள். வண்டியைக் கியரில் போட்டாள்.

சாலையிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் பிரியும் பாதையை இடுப்பளவு பனி மூடியிருந்தது. வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டுக் கால் மைல் நடந்தாள். அண்ணன் வீட்டு நாய்கள் இரண்டும் எங்கிருந்தோ வந்து அவள் கால் பதித்த குழிகளிலேயே பின்னால் நடந்தன. கதவைத் தட்ட விரல் மடங்கவில்லை. முழங்கையால் இடித்தாள்.

ஜோலின் கதவைத் திறந்தாள். குழந்தை அவள் தோளில் இருந்தது. போர்வைச் சுற்றலோடு, நெஞ்சு தாயின் தோளில் அழுந்த, முகம் பின்பக்கம் திரும்பியிருந்தது. ஆமை தெரியவில்லை. அது இருவருக்கும் நடுவில் இருந்தது.

ஜோலின் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். புருவத்தில் பனி, இடுப்புவரை பனி.

"இருபத்திரண்டு மைல்," என்றாள். "ஒரு பொய்க்காக இருபத்திரண்டு மைல் ஓட்டிக்கிட்டு வந்திருக்க. நாத்தனாரே, உன்னை நான் குறைச்சு எடை போட்டுட்டேன். வா, காபி இருக்கு."

சொல்லிக்கொண்டே குழந்தையின் முதுகில் தட்டிக்கொடுத்தாள். மெதுவாகத்தான். ஒவ்வொரு தட்டலுக்கும் போர்வைக்குள் அந்தச் சின்ன உடம்பு தோளோடு அழுந்தி மீண்டது.

"தட்டாதீங்க, அண்ணி. அசையாம நில்லுங்க."

"நல்லா நடிக்கிற. கண்ணுல தண்ணிகூட வருது." ஜோலின் மறுபடி தட்டினாள். "வெளிக்காத்து உள்ள வருது, கதவைச் சாத்து."

ரொவீனாவுக்குக் கையை நீட்டிப் பிடுங்கிவிடத் தோன்றியது. பிடுங்கினால் அழுத்தம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. இன்னும் என்ன சொன்னாலும் அது அக்டோபரில் சொன்னதாகத்தான் கேட்கும். அழுதால் நன்றாக அழுகிறாள் என்பாள். சத்தியம் செய்தால் சிரிப்பாள். கேலியிலிருந்து வெளியே போக வாசலே இல்லாமல் இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிய வீடு அது.

"ஜோலின்," என்றாள்.

ஜோலினின் கை பாதியில் நின்றது.

கல்யாணமாகி ஆறு வருடம். ஒரு நாள்கூட ரொவீனா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாருமே சொந்தத்தில் அப்படிக் கூப்பிடுவதில்லை. பெயர் சொல்வது அந்நியருக்கு, இல்லையென்றால் உறவு முறிந்தவருக்கு. எந்தக் கேலியிலும் அது சேராது. கேலி செய்யும் உரிமையே அந்த முறையிலிருந்து வருவதுதான். அதைக் கீழே போட்டுவிட்டால் பிறகு கேலி செய்ய ஒன்றும் இல்லை.

"ஜோலின். பாப்பாவைத் தோள்லேர்ந்து பிரிக்காதீங்க. நான் நடுவுல கையை விடறேன்."

ஜோலின் குழந்தையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ரொவீனா கையை வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கிக்கொண்டு, உள்ளங்கையைத் தட்டையாக, போர்வைக்கும் தாயின் தோளுக்கும் நடுவில் நுழைத்தாள். ஆமையின் ஓடு கையில் பட்டது. தான் தைத்த முள் வரிசைகளை விரல் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டது. மறு கையால் கத்தரிக்கோலை நுழைத்து நாடாவை இரண்டு இடத்தில் வெட்டினாள். ஆமையைப் போர்வையோடு சேர்த்து அழுத்தாமல் பிடித்துக்கொண்டாள். இருவரும் அடி மேல் அடி வைத்து ஒன்றாக நகர்ந்து, மேசை வரை வந்து, குழந்தையை மல்லாத்தி வைத்தார்கள். ஜோலின் போர்வையின் முடிச்சை அவிழ்த்தாள்.

போர்வை விலகியது. உள்ளே வெள்ளைச் சட்டை. சட்டையைத் தூக்கினாள். கோராவின் நெஞ்சு, ஒரு கைப்பிடி அகலம், சட்டை மடிப்பின் தடம் மட்டும் சிவப்பாக, மற்றபடி சுத்தமாக இருந்தது. குழந்தை குளிரில் முகத்தைச் சுருக்கி, அழலாமா என்று யோசித்து, தூங்கிவிட்டது.

ஜோலின் அதைத் தூக்கி வேறு துணியில் சுற்றி அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்தே கேட்டாள். "இருக்கா?"

ரொவீனா ஆமையைப் போர்வையிலிருந்து பிரிக்காமல், இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தாள். வயிற்றுத் தையலுக்கு அருகில், தோலிலிருந்து, கறுப்பாக ஒரு ரோமம் போல ஏதோ போர்வைக்குள் போயிருந்தது. போர்வையின் சிவப்பு நூல் ஒன்று அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் போர்வையைத் திருப்பினாள். மேல்துணியைத் தாண்டி, உள்ளிருந்த பஞ்சைத் தாண்டி, அடித்துணியில் நெருடியது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரல் நுனிக்குத் தெரிந்தது.

"இருக்கு," என்றாள்.

ஜோலின் வந்து நின்று தானும் அந்த இடத்தைத் தொட்டாள். தொட்ட விரலை உடனே எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ரத்தம் இல்லை, சும்மா வைத்துக்கொண்டாள்.

பின்பக்கமாக இழுத்து எடுக்க முடியாது. ரொவீனா போர்வையின் அந்த இடத்தைக் காசளவுக்கு வெட்டி எடுத்தாள். குறடால் நுனியைப் பிடித்து முன்னோக்கியே இழுத்தாள். துணியும் பஞ்சும் கொஞ்சம் கூட வந்தன. ஆனால் முனையின் அடிப்பாகம் உள்ளே அவள் போட்ட தையலிலேயே மாட்டியிருந்தது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் முறியும், முறிந்தால் பாதி உள்ளே நிற்கும்.

"திறக்கணும்," என்றாள் ரொவீனா. அவள் ஜோலினின் முகத்தைப் பார்க்கவில்லை. "திறக்கக் கூடாதுன்னு தெரியும்."

ஜோலின் குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது உள்ளங்கையை நீட்டினாள்.

"கொடியை எங்கயும் வைக்காத. மேசை மேலயும் வேணாம். என் கையில கொடு. பாப்பாவும் கொடியும் ஒரே ஆள்கிட்ட இருந்தா கலைச்சதா ஆகாது." நிறுத்தினாள். "ஆகாதுன்னு நான் சொல்றேன். யார் கேட்கப் போறாங்க."

ரொவீனா தையலைப் பிரித்தாள். நேராக வந்திருக்கிறது என்று பெருமைப்பட்ட தையல். சேஜ் இலைப் பொட்டலத்தை அப்படியே எடுத்து ஜோலினின் கையில் வைத்தாள். விரல்கள் அதன் மேல் மூடிக்கொண்டன. காட்டெருமை ரோமத்தைக் கொத்துக் கொத்தாக எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினாள், ஒவ்வொரு கொத்தையும் பிரித்துப் பார்த்தாள். பிறகு மாட்டியிருந்த நூலை வெட்டி, முனையை வயிற்றுத் தோலின் வழியாக முன்பக்கமே இழுத்து எடுத்தாள். அரை அங்குலம்கூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்தபோது கறுப்பாக, பளபளப்பாக, வேலை ஒன்றும் செய்யாதது மாதிரி இருந்தது.

பையிலிருந்து சோப்பை எடுத்துப் பதினான்காவது வரிசையின் கடைசியில் குத்தினாள்.

அதன்பின் அவளுக்கு உட்கார வேண்டியிருந்தது. ஜோலின் நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். கை இரண்டிலும் ஆள் இருந்ததால், காபியை நீயே ஊற்றிக்கொள் என்றாள். ரொவீனா ஊற்றினாள், குடிக்கவில்லை. புதிய ரோமம் இருக்கிறதா என்று கேட்டாள். தட்டில் இருப்பதையே மறுபடி வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு இழையாகப் பார்த்துவிட்டு வை என்றாள் ஜோலின். பார்த்தாள். முனை வந்த துளையை உள்ளிருந்து ஒரு சின்னத் தோல் துணுக்கு வைத்து அடைத்தாள். கொடி உள்ளே போனது. இந்தத் தடவை தையல் அவ்வளவு நேராக வரவில்லை. ஜோலின் பார்த்துக்கொண்டிருந்தாள், கேலி செய்யவில்லை. அந்த மௌனம் ரொவீனாவுக்கு முள்ளைவிட மோசமாக இருந்தது. பெயர் சொன்னது சொன்னதுதான் போலும். அதைத் திருப்பி எடுக்க என்ன வழி என்று எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தபோது வெளியே கனத்த எஞ்சின் சத்தம் கேட்டது. பாதையிலிருந்த இடுப்பளவுப் பனி இரண்டு பக்கமும் சுவராக விழ, மஞ்சள் விளக்கு சுழலும் பெரிய வண்டி நேராக வாசலுக்கு வந்து நின்றது. க்ளேட்டன் கையுறைகூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். முதலில் குழந்தையைப் பார்த்தான். பிறகு மேசையை: கத்தரிக்கோல், குறடு, காசளவு ஓட்டை விழுந்த போர்வை. தங்கையின் முகத்தைப் பார்க்காமல், அவளுக்குப் பக்கத்திலிருந்த சுவரைப் பார்த்துக் கேட்டான். "ஆமையை எடுத்தாச்சா?"

அவனிடம் தானே சொல்வதுதான் சரி என்று ரொவீனா வாயைத் திறந்தாள். எண்ணாமல் குத்தினேன், அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல வேண்டும்.

"எடுத்தாச்சு, திரும்ப வெச்சாச்சு," என்று ஜோலின் முந்திக்கொண்டாள். "உங்க தங்கச்சி ஒரு சாமானை மறந்து உள்ளயே வெச்சுத் தைச்சுட்டா. எடுத்துக்கிட்டுப் போக வந்தா. பெரியவளாகி உங்க பொண்ணு வீட்டுக்கு வீடு அலமாரியைத் திறந்து பார்த்தான்னா, நேரா இந்த நாத்தனார் வீட்டுக்குத்தான் அனுப்பி வைப்பேன். அங்க நோட்டு நோட்டா இருக்கு, தேடட்டும்."

ரொவீனா குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அனுப்புங்க, அண்ணி," என்றாள்.

க்ளேட்டன் சோப்புக் கட்டியைப் பார்த்தான். கடைசி முனையில் ஒரு சிவப்பு நூல் இன்னும் சுற்றியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பிலிருந்த சூப்பில் ஒரு கிண்ணம் எடுத்துத் தங்கை முன்னால் வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் போகும் பாதையில் பனி தள்ளுவது பாக்கி இருக்கிறது என்று சொல்லி வெளியே போனான். போகும்போது, உன் வண்டி நிற்கிற இடம்வரை வழி விட்டிருக்கிறேன் என்றான், கதவைப் பார்த்து.

எஞ்சின் சத்தம் தூரமானபின் ஜோலின் சோப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நீ எண்ணினது எனக்கு வேணாம்," என்றாள். "நான் எண்ணிப் பார்த்துட்டுத்தான் கட்டுவேன்."

குழந்தை மடியில், ஆமை பக்கத்தில். விரல் படாமல் வரிசைக்கு மேல் விரலை நகர்த்திக்கொண்டு, உதடு அசைய, ஒன்றிலிருந்து தொடங்கினாள். ரொவீனா சூப்பைத் தொடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்றில் கோரா அழுதாள். ஜோலின் அவளுக்குப் பால் கொடுத்து, திரும்பத் தூங்கவைத்து, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.